300 குதிரைகளும் ஒரு பம்ப்செட் பட்டறையும்

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், பார்வைக்கு ஒரு குடும்பக் கார். டிக்கியில் கல்யாணச் சீர்வரிசையே வைக்கலாம், அவ்வளவு இடம். ஆனால், பானெட்டுக்குள் இருப்பது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 2017-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் கணக்கு 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். விலை 25 லட்சத்தை ஒட்டி. வந்தது கொஞ்சம், வந்த வேகத்திலேயே விற்றும் தீர்ந்தது.

அப்படி ஒரு கார் கைமாறி, கோவை கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. ஆசைப்பட்டு வாங்கியது மகன். வயது 38. பட்டறையின் ஆர்டர், ஜி.எஸ்.டி., பேங்க் எல்லாம் அவர் பொறுப்பு. மோட்டார் மட்டும் இன்னும் பெரியவர் பொறுப்பு. அவருக்கு 71. வைண்டிங் முடிந்த மோட்டாரைத் தட்டிப் பார்த்து, சுற்றவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் டெலிவரிக்கு விடுவார்.

காரின் ஆர்.சி. பெரியவர் பெயரில் இருந்தது. அந்த வீட்டில் தோட்டத்து டிராக்டர் முதல் மருமகளின் ஸ்கூட்டர் வரை எல்லாமே அவர் பெயரில்தான். யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே வந்துவிட்ட பழக்கம். அந்தப் பழக்கம் இந்தக் கதையில் பின்னால் வந்து நிற்கும்.

மகனுக்கு வந்த அடுத்த ஆசை, டியூன்.

கோயம்புத்தூரில் இந்த ஆசைக்குத் தனிக் காரணம் தேவையில்லை. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் நரேன் கார்த்திகேயனின் ஊர். ரேஸ் கார்களை இங்கேயே செய்யலாம் என்று காட்டிய கரிவர்தனின் பெயரில் செட்டிப்பாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது. டீக்கடையில் நான்கு பேர் நின்றால் அதில் ஒருவருக்காவது கார்புரேட்டர் ஜெட் சைஸ் தெரிந்திருக்கும்.

டர்போ காரில் டியூன் என்பது ஸ்பேனர் வேலை இல்லை, கம்ப்யூட்டர் வேலை. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். எவ்வளவு அழுத்துவது, எப்போது தீப்பொறி விடுவது என்று முடிவு செய்வது ஈசியு என்ற கம்ப்யூட்டர். அதில் கம்பெனி எழுதிவைத்த ஃபைலை எடுத்துவிட்டு வேறு ஃபைலை ஏற்றினால் டியூன் ஆயிற்று. டர்போ இல்லாத காரில் இப்படிச் செய்தால் கிடைப்பது சொற்பம். டர்போவில் 50, 60 குதிரைகள் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் செருகினால் கால் மணி நேர வேலை.

அப்படியானால் கம்பெனியே ஏன் அதைக் கொடுக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் கடைசியில் பெரியவரிடமிருந்துதான் வந்தது. டியூனர்கள் யாரும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

மகன் முறைப்படி ஆரம்பித்தார். எக்ஸெல்லில் ஒரு ஷீட். விசாரித்ததில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வெளிநாட்டு டியூனிங் நிறுவனம் ஒன்றின் தயார் ஃபைல். 300 குதிரைத்திறன், 430 நியூட்டன் மீட்டர் என்றார்கள். ரெடிமேட் சட்டை மாதிரி, இந்த மாடல் கார் அத்தனைக்கும் ஒரே அளவு. இரண்டாவது, உள்ளூர் டியூனர் ஒருவர் இந்தக் காரை ஓட்டிப் பார்த்து, இதற்கென்றே எழுதித் தருவது. அவர் சொன்னது 280 குதிரை, 400 நியூட்டன் மீட்டர். மூன்றாவது, டியூனிங் பாக்ஸ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. சென்சார் ஒயரின் நடுவில் செருகிவிட்டால் போதும், விலையும் குறைவு.

டப்பாவை முதலிலேயே தள்ளிவிட்டது நல்ல முடிவு. அந்த டப்பா செய்வது பொய் சொல்லும் வேலை. டர்போவின் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று ஈசியுவிடம் சொல்லும். ஈசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜினுக்கு இது சரி என்றே வைத்துக்கொண்டாலும், கியர்பாக்ஸ் ஏமாறும். இந்தக் காரில் இருப்பது 6 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை, இன்ஜின் தருவதாக ஈசியு சொல்லும் டார்க்கை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. உள்ளே 420 வந்துகொண்டிருக்கும்போது 350 என்று சொன்னால், பிடி 350-க்குத்தான் இருக்கும். கிளட்ச் வழுக்கும், தேயும், ஒருநாள் பில் வரும்.

மிச்சம் இரண்டு. 300-க்கு எதிராக 280. எக்ஸெல் ஷீட்டில் 300 எழுதியிருந்த கட்டத்துக்கு மகன் பச்சை நிறம் அடித்திருந்தார்.

அந்தத் தாள் ஆபீஸ் மேஜையில் கிடந்தபோது பெரியவர் கண்ணில் பட்டது.

"இது எந்தப் பார்ட்டிக்குக் கொட்டேஷன் கண்ணு?"

"மோட்டார் இல்லீங்கப்பா. நம்ம காரு. இன்ஜின் பவரைக் கூட்டறதுக்கு."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் படித்தார். "300 எந்த ஸ்பீடுல? 430 எந்த ஸ்பீடுல?"

மகனிடம் பதில் இல்லை. ஷீட்டில் அந்தக் கட்டமே இல்லை.

பெரியவருக்கு இது புதிய கேள்வி இல்லை. பட்டறைக்கு வரும் விவசாயிகளில் பாதிப் பேர் உள்ளே நுழைந்ததும் சொல்வது, "ஏழரை ஹெச்பி மோட்டார் ஒண்ணு குடுங்க." பெரியவர் உடனே விலை சொல்ல மாட்டார். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை அங்குலக் குழாய், ராத்திரி எத்தனை வோல்ட் வருகிறது என்று கேட்டுக்கொண்டே போவார். சில கம்பெனிகளின் விளம்பரத்தில் இத்தனை அடி உயரம் தூக்கும், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் கொட்டும் என்று இரண்டு பெரிய எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் பொய் இல்லை. ஆனால், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அத்தனை உயரம் தூக்கும்போது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அத்தனை லிட்டர் கொட்டும்போது முதல் மாடிக்குக்கூட ஏறாது. விவசாயிக்கு வேண்டியது, அவர் கிணற்றின் ஆழத்தில் எவ்வளவு வரும் என்ற ஒரே ஒரு எண். அது விளம்பரத்தில் இருக்காது, வளைகோட்டுப் படத்தில்தான் இருக்கும்.

பட்டறையின் டெஸ்ட் பெஞ்சில் நாற்பது வருடங்களாக நடப்பது இதுதான். கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போய், ஒவ்வொரு நிலையிலும் கேஜைப் படித்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைப்பது. "உச்சிய மட்டும் பாக்கறவன் மோட்டார் வாங்க மாட்டான், நம்பர் வாங்கிட்டுப் போவான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

டார்க்கும் குதிரைத்திறனும் அவருக்குப் பழகிய உறவினர்கள். டார்க்கை நிமிடச் சுழற்சியால் பெருக்கி, சுமார் 7,024-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். காகிதத்தின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தார். கம்பெனி கொடுத்த நிலையில், 2,500 சுழற்சியில் 350 டார்க் என்றால் 125 குதிரை. 430 டார்க் கொடுக்கும் ஃபைலில் அதே இடத்தில் 153. 400 கொடுப்பதில் 142. உச்சியில் 20 குதிரை வித்தியாசம், சாலையில் ஓட்டும் இடத்தில் 11.

"நீ எந்த ஸ்பீடுல ஓட்டற?"

பொள்ளாச்சி தாண்டி உடுமலை ரோட்டில் லாரியை முந்தும்போது முள் 2,500-லிருந்து 4,500-க்குள்தான் நிற்கும். 300 குதிரை கிடைக்கும் 5,500 சுழற்சியை மகன் அந்த வருடத்தில் எத்தனை முறை தொட்டிருப்பார் என்பது அவருக்கே சந்தேகம்.

அதற்காக ஆசை அடங்கிவிடுமா? அடங்கவில்லை. ஆனால், வழி மாறியது. இரண்டு ஃபைலையும் ஒரே நாளில், ஒரே டைனோவில், ஒரே டேங்க் பெட்ரோலில் அளந்து பார்ப்பது என்று முடிவானது. தயார் ஃபைல்காரர்கள் சில நாள் ட்ரையல் கொடுத்தார்கள். உள்ளூர் டியூனர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சம்மதித்தார். டைனோ மூன்றாவது ஆளுடையது. அதுதான் முக்கியம் என்றார் பெரியவர். தானும் வருவதாகச் சொன்னார்.

டைனோ என்பது காருக்கான டெஸ்ட் பெஞ்ச். முன்சக்கரங்கள் உருளைமேல் நிற்கும், காரைப் பெல்ட் போட்டுக் கட்டுவார்கள், ஒரே கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துவார்கள். உருளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதிலிருந்து சக்தி கணக்காகும். முன்னால் ஒரு ராட்சத ஃபேன். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இங்கேயும் எண்ணில் ஏமாற இடம் உண்டு. சக்கரத்தில் அளக்கும்போது கியர்பாக்ஸும் டயரும் தின்றதுபோக மீதிதான் தெரியும். சிலர் அந்த நஷ்டத்தை ஒரு குத்துமதிப்பில் சேர்த்து, இன்ஜின் சக்தி என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். குத்துமதிப்பைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் குதிரைகள் குட்டி போடும். இது போதாதென்று, அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்றபடி எண்ணைத் திருத்துகிற கணக்கும் உண்டு. அமெரிக்கத் தரம் 25 டிகிரியை அடிப்படையாக வைக்கும், ஜெர்மனியின் பழைய தரம் 20 டிகிரியை. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு எண்கள். வேறு வேறு கடைகளின் டைனோ சீட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான். பெரியவர் கேட்டது சக்கரத்தில் வருவதை மட்டும், ஒரே திருத்தத்தில்.

கம்பெனி ஃபைலில் 204 வந்தது. சக்கரத்தில் அது நல்ல எண்தான். அடுத்து தயார் ஃபைல். முதல் ஓட்டத்தில் 258. மகன் முகத்தில் சிரிப்பு. டைனோக்காரர் சீட்டை அச்சடிக்கப் போனார்.

"இன்னொருக்கா ஓட்டுங்க" என்றார் பெரியவர்.

251.

"இன்னொருக்கா."

244. நான்காவது முறை 239.

டைனோக்காரருக்கு ஒன்றும் ஆச்சர்யமில்லை. ஏப்ரல் மாதம், பகல் 11 மணி. அழுத்தப்பட்ட காற்று சூடாகும், அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் சூடாகிவிட்டது. "எல்லாரும் மொத ரன்னைத்தான் பிரின்ட் எடுத்துட்டுப் போவாங்க சார்" என்றார். வெளிப்படையான மனிதர்.

உள்ளூர் டியூனரின் ஃபைலில் முதல் ஓட்டம் 246. பிறகு 244, 243. நான்காவது முறை 241. பச்சை நிறம் அடித்த 300, நான்காவது ஓட்டத்தில் 280-க்குக் கீழே போய்விட்டது.

உள்ளூர் டியூனர் லேப்டாப்பைத் திறந்து காரணத்தைக் காட்டினார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்ஜினுக்குள் என்ன நடந்தது என்று ஈசியு எழுதிவைக்கும் பதிவு அது. தீப்பொறி பற்றவைத்த நெருப்பு பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாக வெடிப்பதற்குப் பெயர் நாக்கிங். சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிப்பது மாதிரி. அதைக் காதுபோலக் கேட்கும் சென்சார் இன்ஜினில் இருக்கிறது. கேட்டதும் ஈசியு தீப்பொறியைத் தள்ளிப்போடும், சக்தி குறையும். தயார் ஃபைலில் இரண்டு சிலிண்டர்களில் தீப்பொறி 6 டிகிரி வரை தள்ளிப்போயிருந்தது. உள்ளூர் ஃபைலில் ஒன்றரை.

வெளிநாட்டு ஃபைல் மோசமானது என்று இதற்கு அர்த்தமில்லை. அது எழுதப்பட்ட பெட்ரோல் வேறு. ஐரோப்பாவில் 98 ஆக்டேன் சாதாரணமாகக் கிடைக்கும். நம் பங்க்குகளில் பல வருடங்களாகச் சாதாரணப் பெட்ரோல் என்றால் 91. கூடுதல் ஆக்டேன் வகைகள் நகரத்தில் கிடைக்கும், தாராபுரம் பக்கம் போனால் தேட வேண்டும். இப்போது 20 சதவிகிதம் எத்தனால் வேறு. எத்தனால் நாக்கிங்கை அடக்கும், அது நல்லதுதான். ஆனால், லிட்டருக்கு லிட்டர் அதில் இருக்கும் சக்தி, பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட இன்ஜெக்டர் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். கோவை பெட்ரோலில், ஏப்ரல் வெயிலில் ஓட்டிப் பார்த்து எழுதியவருக்கு இதெல்லாம் கணக்கில் வந்துவிடும்.

இன்னொன்றையும் அந்தப் பையன் காட்டினார். அவர் வளைகோட்டில் 2,500 சுழற்சிக்குக் கீழே டார்க் மெதுவாகத்தான் ஏறியது. மகனுக்கு அது குறையாகப் பட்டது. "வேணும்னேதான் அண்ணா குறைச்சு வெச்சிருக்கேன்" என்றார். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த சுழற்சியில் அளவுக்கு மீறிய சுமை கொடுத்தால், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது நாக்கிங்கைவிடக் கொடியது. பிஸ்டனையே உடைக்கும். கியர்பாக்ஸுக்கும் அதுவே நல்லது. இந்த டிஎஸ்ஜி வடிவமைக்கப்பட்டது 350-லிருந்து 400 வட்டாரத்து டார்க்குக்கு. 430 கொடுத்தால் நாளைக்கே உடையும் என்றில்லை. ஆனால், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும் கியர் ஆயிலைத் தள்ளிப்போடும் வீட்டில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

வரும் வழியில் பெரியவர் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "கம்பெனிக்காரன் ஏன் 230-ல நிறுத்தினான்னு கேட்டயல்ல? நாம ஏன் மோட்டார்ல காப்பரு சேத்திப் போடறோம்?"

மகனுக்குப் புரிந்தது. தோட்டத்தில் ராத்திரி வோல்டேஜ் 320-க்கு இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறும், வைண்டிங் சூடாகும். மெலிந்த காப்பர் போட்ட மோட்டார், பட்டறை பெஞ்சில் முழு வோல்டேஜில் பிரமாதமாக ஓடும். தோட்டத்தில் இரண்டாவது கோடையில் புகையும். கார் கம்பெனிக்கும் அதே கவலை. ஒரே இன்ஜின் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியிலும் ஓட வேண்டும். மட்டமான பெட்ரோல் போடுவார்கள், ஆயில் மாற்ற மறப்பார்கள். அத்தனைக்கும் சேர்த்து விட்டுவைத்த இடைவெளிதான் அந்த 70 குதிரை. டியூனர் புதிதாக எதையும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. இருக்கிற இடைவெளியில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார். எவ்வளவு எடுக்கிறார், எங்கே எடுக்கிறார் என்பதில்தான் டியூனருக்கு டியூனர் வித்தியாசம்.

ட்ரையல் நாட்கள் மிச்சமிருந்தன. மகன் ஒரு காரியம் செய்தார். மனைவியிடம் எதுவும் சொல்லாமல், நான்கு நாள் தயார் ஃபைலிலும் நான்கு நாள் உள்ளூர் ஃபைலிலும் காரை விட்டார். பேத்தியை ஸ்கூலில் விட்டுக் கூட்டிவருவது மருமகள்தான். ஆர்எஸ்ஸை அந்த வீட்டில் அதிகம் ஓட்டுவதும் அவர்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலமே அவர் கேட்டுவிட்டார். "ஏனுங்க, வண்டிய என்ன பண்ணுனீங்க? சிக்னல்ல லேசா மிதிச்சா பிச்சுக்கிட்டுப் போகுது. மழை பேஞ்ச ரோட்டுல முன்வீலு சுத்துது. பாப்பா தண்ணி பாட்டில் மடியில கொட்டிட்டா."

உள்ளூர் ஃபைல் ஏற்றியபோது நான்கு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், "இப்ப சரியாயிருச்சு. சர்வீஸ் விட்டீங்களா?" என்றார். டியூனிங் உலகத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு இருப்பதாகத் தெரியவில்லை. 80 கிலோமீட்டரில் லாரியை முந்தும்போது கார் பாய்வதை மகன் உணர்ந்தார். ஸ்கூல் வாசலில் ஊர்ந்துபோகும்போது மனைவி உணரவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் ஆர்.சி. வந்து நின்றது.

காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் தூரத்து உறவு. பேச்சுவாக்கில் மகன் டியூன் விஷயத்தைச் சொன்னார். ஏஜென்ட் பேனாவை மூடி வைத்தார். "வண்டி யார் பேர்ல இருக்குது மாப்ளே?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஃபைல் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, போலீஸ்காரர் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால், பெரிய விபத்து ஒன்று நடந்து, சொல்லாமல் செய்த மாற்றம் அது என்று காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்தால், நிற்கப்போவது யார்? ஓட்டியவர் மட்டுமில்லை. ஆர்.சி.யில் பெயர் இருப்பவரும்தான்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மகன் அதை அப்பாவிடம் சொன்னார். ஒளிக்கவில்லை. பெரியவர் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"இத்தன நாளு எம் பேர்ல வெச்சுட்டு ரோட்டுல ஓட்டியிருக்கற."

"ட்ரையலுதானுங்கப்பா."

"அடிபடறவனுக்கு ட்ரையலு இருக்குதா?"

யாரும் பேசவில்லை. மருமகள் ரசம் ஊற்றினார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பெரியவர், "மொதல்ல வண்டிய உம் பேருக்கு மாத்திக்க. அப்பறம் ஃபைலு போடறதோ போடாததோ, நீ பாத்துக்க" என்றார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். அந்த வீட்டில் அப்படியில்லை. 38 வயதில் மகன் பெயருக்கு எழுதப்படும் முதல் சொத்து அது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் 29, 30 படிவங்களில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். விற்பவர் என்று இருந்த இடத்தில் தன் பெயரைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். அருகில் இருந்த மகன் அதைப் பார்த்தார். காப்பீடும் பெயர் மாறியது.

இனி கேட்க யாரும் இல்லை. அனுமதி வந்தது. ஃபைலும் தயார், பணமும் கட்டியாயிற்று. கார் சொந்தப் பெயரில். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, மகன் ஃபைலை ஏற்றவில்லை. அப்பா பெயரில் இருந்தபோது நான்கு நாளும் நான்கு நாளுமாக ஏற்றி இறக்கியவர், தன் பெயர் அச்சிட்ட கார்டு கைக்கு வந்ததும் தயங்கினார். டியூனர் பையன் போன் செய்து கேட்டார், "என்னண்ணா, புடிக்கலையா?"

பிடித்திருந்தது. அதனால்தான் வேறு ஏற்பாடு செய்துகொண்டார். ரோட்டில் கம்பெனி ஃபைல். செட்டிப்பாளையத்தில் டிராக்கை வாடகைக்குத் திறந்துவிடும் நாட்களில் மட்டும், காரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய், டிராக் வாசலில் வைத்து உள்ளூர் ஃபைல். முடிந்ததும் அங்கேயே பழையபடி மாற்றிக்கொண்டு வருவது. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், டிரக் வாடகை தனி. கொடுத்த காசுக்கு வருடத்தில் மூன்றோ நான்கோ நாள்தான் பயன். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. ஆனால், கணக்குப் பார்ப்பவர்கள் ஆர்எஸ்ஸே வாங்க மாட்டார்கள். டியூனுக்குப் போட்ட பட்ஜெட்டில் மிச்சப்பட்டதில் நான்கு நல்ல டயர்களும் பிரேக் பேடுகளும் மாற்றினார். 52,000 கிலோமீட்டரிலேயே கியர் ஆயிலையும் மாற்றிவிட்டார். உடுமலை ரோட்டில் முந்தும்போது 230 குதிரை போதவில்லை என்று இதுவரை தோன்றவில்லையாம்.

முதல் டிராக் நாளில் பெரியவரும் போயிருந்தார். தொப்பி போட்டுக்கொண்டு, மொபைலில் ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் குறித்தார். முதல் சுற்றைக் குறிக்கவே இல்லை. மூன்றாவதிலிருந்துதான்.

டைனோவில் எடுத்த எட்டு ஓட்டங்களும் ஒரே தாளில் இருக்கும்படி பெரியவர் தனியாக ஒரு பிரின்ட் கேட்டு வாங்கியிருந்தார். அது பட்டறையில் டெஸ்ட் பெஞ்சுக்கு மேலே, பம்ப் வளைகோடுகளுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. போன வாரம் மோட்டார் எடுக்க வந்த பல்லடத்து விவசாயி ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது எத்தனை ஹெச்பி, நல்ல வேகமாக ஏறுகிறதே என்று கேட்டிருக்கிறார்.

"அது உங்க போருக்கு ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கேட்டார், "தண்ணி எத்தன அடில நிக்குது?"